அட்டை இல்லாத நிருபருக்கும் சட்டம் உண்டு

பத்திரிகையாளருக்கு ஆபத்து என்றால் ஈராக்கில் குர்துகளின் எர்பில் நகரம் நினைவுக்கு வரும். பத்திரிகையாளர் ஷெர்வான் ஷெர்வானி உள்ளிட்ட ஐவருக்கு அங்கே 2021 பிப்ரவரியில் ஆறாண்டு சிறை. ஆனால் 2020 மார்ச்சில், அன்றைய ஆளுங்கட்சிப் பூசலை எழுதிய இதழ் நிருபர் அடிவாங்கியது சிவகாசியில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊரில். 2024 ஜனவரியில் பல்லடத்தில், ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்ப போன் செய்த தொலைக்காட்சி நிருபரை அதன் பிறகும் வெட்டினார்கள்.

மாணவிகளைப் பேராசிரியை ஒருவர் தவறான வழிக்கு அழைத்ததாக எழுந்த அருப்புக்கோட்டைக் கல்லூரி ஆடியோ விவகாரத்தில் ஆளுநரைத் தொடர்புபடுத்தி எழுதியதற்காக நக்கீரன் இதழின் ஆசிரியர் கோபால் 2018 அக்டோபர் 9-ல் கைதானார். அன்றே எழும்பூர் நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்ப மறுத்தது. மூத்த பத்திரிகையாளர் என். ராம் நேரில் வந்து பேசினார். கல்லூரி வழக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 30-ல் பேராசிரியைக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலை. இதழாசிரியருக்காக ராம் வருவார். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும், வீடு எந்தத் தெருவில் என்று ஊருக்கே தெரிந்த ராஜபாளையம் நிருபருக்காக யார் வருவார்? அவர் கையில் இருப்பது சட்டம்தான். அதைப் பயன்படுத்த அங்கீகார அட்டை தேவையில்லை. கருத்துரிமை தரும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் பொது.

அப்படியானால் மைக்கைக் காட்டிப் பணம் பறிக்கும் போலி நிருபர்களும் தப்பிப்பார்களே என்பார்கள். நியாயமான கவலை, அவர்களால் முதலில் கெட்டுப்போவது நல்ல நிருபரின் பெயர்தான். ஆனால் மிரட்டிப் பணம் பறிப்பது அட்டை வைத்திருப்பவர் செய்தாலும் குற்றமே. அட்டை இல்லை என்பதற்காக அடிபட்டவரின் புகாரைத் தள்ளிவிட எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. செய்தி தவறென்றால் மறுப்பு அனுப்பலாம், அவதூறு வழக்குப் போடலாம். ஆள் அனுப்பக் கூடாது.

ஸ்டேஷனில் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவது நம்மூர் வழக்கம். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றமென்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ன்படி எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீலுக்குப் பணமில்லாதவர்களுக்கு, தகுதி இருந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். பிரஸ் கவுன்சிலுக்கு எழுதுவதும் நல்லதுதான்; ஆனால் அதற்குத் தண்டிக்கும் அதிகாரமில்லை, டிவியும் யூடியூபும் அதன் வரம்பில் வராது.

மிரட்டல் அழைப்பு வந்தால் தேதி, நேரம், எண்ணை உடனே குறித்துவையுங்கள். பதிவு இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள். கொடுத்த புகாருக்குக் கையெழுத்திட்ட நகல் வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள்.