வளைந்த விரல்களும் ஒரு லட்சம் அறுவை சிகிச்சைகளும்

முதலில் பொருளும் பெயரும் ஈட்டி, அவற்றால் மகிழ்ச்சி அடைந்து, எஞ்சியதில் ஒரு பங்கைப் பிறர்க்கு ஈவதே வாழ்க்கையின் இயல்பான வரிசை என்று பலரும் கருதுகின்றனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் வாழ்க்கை அந்த வரிசைக்குள் அடங்குவதில்லை. தொண்டினையே தொழிலாகக் கொண்ட அவருக்கு வெற்றியும் மனநிறைவும் அந்தப் பணிக்குள்ளேயே வாய்த்தன.

எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த அவர், உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு மகப்பேறு மருத்துவராக விரும்பி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944-இல் பட்டம் பெற்றார். ஆனால் ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைப் பகையாகக் கருதித் தாக்கி, அவற்றை வீங்கச் செய்து, நாளடைவில் உருக்குலைக்கும் நோய் இது. நீண்ட காலம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது அவருடைய விரல்கள் நிரந்தரமாக வளைந்திருந்தன. மகப்பேறு மருத்துவம் இனி இயலாது என்பதும் உறுதியாகியிருந்தது.

மனப்பாங்கு என்றவுடன், எல்லாம் நல்லபடியாக நடக்கும் எனத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதையே பலரும் நினைக்கின்றனர். வெங்கடசாமியிடம் இருந்தது அதைவிடக் கடினமான ஒன்று. தம் கையால் எது முடியாது என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு, எது முடியும் என்பதைத் துல்லியமாக அளந்தறிந்து, கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கவே புதிதாகப் பழகினார். வலி அவரை விட்டு நீங்கவில்லை. ஆயினும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தவை அந்தக் கைகளே.

மதுரையில் அரசு மருத்துவப் பணியில் இருந்தபடியே ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்களை நடத்திய அவர், 58-ஆம் வயதில் ஓய்வு பெற்றதும், 1976-இல் தம் உடன்பிறந்தோரின் துணையுடன் 11 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழப்போரே அவருடைய முதன்மையான அக்கறை. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை பெரும்பாலும் முதுமையில் மங்கி ஒளியை மறைப்பதே கண்புரை எனப்படுகிறது. சிறிய அறுவை சிகிச்சையால் நீக்கிவிடக்கூடிய ஒரு குறைக்காக மனிதர்கள் இருளில் வாழ்வதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இரக்கம் மட்டுமே அந்த இருளைப் போக்கியிராது, சீரான செயல்முறையும் தேவைப்பட்டது என்பதுதான் இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. அறுவை அரங்கில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் மற்றொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார். ஒருவருக்கு முடித்தவுடன் மருத்துவர் அடுத்தவரிடம் திரும்புவார். கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் சோதனை, ஆயத்தம், பராமரிப்பு ஆகியவற்றை ஏற்றுக்கொண்டதால், அறுவை மருத்துவரின் நேரம் அறுவைக்கே பயன்பட்டது. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயே, செலுத்த இயலாதோரின் சிகிச்சையையும் தாங்கியது. அதே மருத்துவர்களே இரு சாராருக்கும் சிகிச்சை அளித்தனர். யார் எந்தப் பிரிவுக்குச் செல்வது என்பதை நோயாளியே முடிவு செய்தார். வருமானச் சான்று எவரிடமும் கேட்கப்படவில்லை. ஏழையின் தன்மானத்தைக் காக்கும் இந்த ஏற்பாடு, சிகிச்சைக்கு நிகரான தொண்டாகும்.

சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் பலர் வராமல் இருந்ததற்கான காரணத்தை ஆராய்ந்தபோது, பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் ஏழைக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை என்பது தெரியவந்தது. அதன்பின் முகாமிலிருந்து அழைத்து வருவதும், உணவளிப்பதும், திரும்பக் கொண்டுசேர்ப்பதும் சிகிச்சையின் பகுதியாயின. வராதவரைக் குறை கூறாமல் தன் ஏற்பாட்டைத் திருத்திக்கொள்ளும் பணிவு, நல்லெண்ணம் மிகுந்த நிறுவனங்களிலும் அரிதாகவே காணப்படுகிறது.

புரையை நீக்கிய இடத்தில் பொருத்தப்படும் செயற்கை வில்லை, அந்நாளில் வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலையில் வரவேண்டியிருந்தது. அதைத் தாமே செய்வதற்காக 1992-இல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடம் மதுரையில் நிறுவப்பட்டு, வில்லையின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பல நாடுகளின் ஏழை நோயாளிகளுக்கும் அது எட்டக்கூடியதாயிற்று.

தம் மருத்துவமனை வளர்வதைவிடப் பார்வையின்மை குறைவதையே இலக்காகக் கொண்டிருந்ததால், தம் செயல்முறைகளை மறைத்து வைக்க வேண்டிய தேவை வெங்கடசாமிக்கு இருக்கவில்லை. அவர் 2006-இல் மறைவதற்கு முன்பே, பிற மருத்துவமனைகளின் மருத்துவர்களும் நிர்வாகிகளும் அவற்றைக் கற்றுச் செல்வதற்கென ஒரு பயிற்சி நிறுவனம் மதுரையில் இயங்கத் தொடங்கியிருந்தது.