உங்களுக்குத் தெரியுமா? மூன்று சென்சார் காட்டிக்கொடுக்கும் முன்னூறு

சமதளத்தில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சென்சார்களில் மூன்றின் இருப்பிடம் மட்டும் தெரிந்தாலே, மற்றவை எங்கே இருக்கின்றன என்று ஜி.பி.எஸ். இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம். அக்கம்பக்கத்துச் சென்சார்களுக்கு இடையே போதுமான தூர அளவுகள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

• அந்த மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. இருந்தால், வரைபடம் இடவலம் புரண்டாலும் தூரங்கள் மாறாது. எது நிஜம் என்றே தெரியாது.

• தூரத்தை அளப்பது எப்படி? எம்.ஐ.டி. உருவாக்கிய 'கிரிக்கெட்' கருவி ரேடியோ அலையையும் மீயொலியையும் ஒன்றாக அனுப்பும். ரேடியோ ஏறக்குறைய உடனே வந்துவிடும். மீயொலி மீட்டருக்குச் சுமார் 3 மில்லி விநாடி பிந்தும். அந்தத் தாமதம்தான் அளவுகோல்.

• கணக்கு லேசுப்பட்டதல்ல. பொது வடிவில் இது கணினியையே திணறடிக்கும் ரகம் என்று 1979-லேயே ஜேம்ஸ் சாக்ஸ் நிரூபித்துவிட்டார். 2004-ல் ஸ்டான்ஃபோர்டின் பிஸ்வாஸும் யின்யூ யேவும் பிடித்த வழி விசித்திரமானது: புள்ளிகள் தளத்திலேயே கிடக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, கூடுதல் பரிமாணங்களுக்குள் எழும்ப விட்டார்கள். உடனே அது எளிதில் தீரும் உகப்பாக்கக் கணக்காகிவிட்டது. தூரங்கள் துல்லியமாகவும் போதுமானதாகவும் இருந்தால், விடை தானாகவே தளத்தில் வந்து உட்காரும். அளவில் பிழை கலந்தால் தோராயம்தான்.