கரண்ட் கார் கட்டுமா? டிரைவர் இல்லாத கார் வந்தால்?



இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பக்கம் என் பங்கு. செவ்வாய் கிரகம் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்க வீட்டில் ஒரு மாதமாக ஒரே கார் பேச்சுதான். அதனால் காரைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்க அப்பா வாடகைக் கார் டிரைவர். வண்டி சொந்தம் இல்லை, ஓனருடையது. அந்த டீசல் வண்டி பழசாகிவிட்டது. அதைக் கொடுத்துவிட்டு கரண்டில் ஓடும் கார் எடுக்கலாமா என்று ஓனர் கேட்டிருக்கிறார். அதே வாரம் ஸ்டாண்டில் ஒரு அண்ணன் அப்பாவுக்கு செல்போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு கார், டிரைவர் சீட்டில் ஆளே இல்லை, ஸ்டியரிங் தானே திரும்புகிறது. அன்று ராத்திரி அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "கண்ணு, நீதான் படிக்கிறியே, இந்த ரெண்டும் நமக்குக் கட்டுமா கட்டாதான்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

முதலில் கரண்ட் கார். இதைப் புது கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய காரே பேட்டரி கார்தான். 1899-இல் பெல்ஜியம் நாட்டுக்காரர் கமீல் ஜெனாட்சி ஓட்டினார். அப்போது பெட்ரோல் காரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். 1912-இல் சுவிட்ச் போட்டால் ஸ்டார்ட் ஆகும் பெட்ரோல் கார் வந்தது. அப்படி ஸ்டார்ட் பண்ண உள்ளே இருந்தது ஒரு சின்ன மின்மோட்டார்! அந்த மோட்டாரும் சேர்ந்துதான் அன்றைய மின்சாரக் காரை ஒழித்தது. வேடிக்கையாக இல்லை?

டீசல் இன்ஜினில் எரியும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெறும் சூடாகப் போய்விடுகிறது. பானெட்டைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். மோட்டாரில் அப்படி இல்லை, கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்கே போகிறது. இன்னொன்றும் உண்டு. அப்பா கொல்லிமலைக்கு அடிக்கடி டிரிப் போவார். 70 கொண்டை ஊசி வளைவு. சுமார் 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆளோடு சேர்த்து வண்டி 1600 கிலோ என்று வைத்து, வகுப்பில் படித்த நிலையாற்றல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 160 லட்சம் ஜூல் வந்தது. ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய நாலரை யூனிட். டீசல் வண்டியில் இறங்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகி வீணாகிறது. கரண்ட் காரில் இறங்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டர் போல வேலை செய்து, அதில் ஒரு பகுதியைத் திரும்ப பேட்டரியில் ஏற்றிவிடும். பிரேக்கும் அவ்வளவாகத் தேயாது. இதைச் சொன்னதும் அப்பா நம்பவே இல்லை!

இப்போது காசுக் கணக்கு. அப்பா ஒரு நாளைக்கு 200 கி.மீ., மாதம் 25 நாள் ஓட்டுகிறார். வருடத்துக்கு 60,000 கி.மீ. டீசல் லிட்டர் 90 ரூபாய், லிட்டருக்கு 18 கி.மீ. என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். கரண்ட் கார் யூனிட்டுக்கு 6 கி.மீ. போகும் என்று வைத்துக்கொண்டேன். ஓனர் வீட்டில் சார்ஜ் போட்டால் யூனிட் 9 ரூபாய், வழியில் போட்டால் 18 ரூபாய். பாதி பாதி போட்டால் சராசரி கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 25 பைசா வருகிறது. வருடத்தில் மிச்சம் 1,65,000 ரூபாய். எனக்கே கண் விரிந்துவிட்டது.

ஆனால் வண்டி விலை 4 லட்சம் அதிகம் என்று ஓனர் விசாரித்து வந்து சொன்னார். அதை மிச்சக் காசில் எடுக்க இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகும். பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். பேட்டரி கேரண்டியைப் பார்த்ததும்தான் திக்கென்றது. பல கம்பெனிகள் "8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது" என்று கொடுக்கின்றன. 8 வருடம் என்பது பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அப்பா ஓட்டும் ஓட்டத்துக்கு 1,60,000 கி.மீ. இரண்டு வருடம் எட்டு மாதத்தில் முடிந்துவிடும். அதாவது போட்ட காசு திரும்பி வந்து மூன்று மாதத்தில் கேரண்டி தீர்ந்துவிடும்! தீர்ந்த அன்றே பேட்டரி செத்துவிடாது, அது மெதுவாகத்தான் சக்தி குறையும். ஆனால் அதற்குப் பிறகு ஏதாவது ஆனால் செலவு ஓனர் தலையில். ஓனருக்கு நஷ்டம் என்றால் அப்பாவின் வேலை? அம்மா இதைத்தான் முதலில் கேட்டார்.

நம் கணக்கு டீச்சர் போல தினம் 20 கி.மீ. மட்டும் ஓட்டுபவர்கள் என்றால் கதையே வேறு. வீட்டிலேயே சார்ஜ் போட்டாலும் அதே 4 லட்சத்தை எடுக்க 19 வருடம் ஆகும். (டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கணக்கில் தப்பு இருந்தால் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பேனாவால் கிறுக்காதீர்கள்.) நிறைய ஓட்டுபவருக்குத்தான் கரண்ட் கார் லாபம். ஆனால் நிறைய ஓட்டுபவருக்குத்தான் கேரண்டியும் சீக்கிரம் முடிகிறது.

விளம்பரத்தில் "புகையே இல்லை" என்று போடுகிறார்கள். நம் தெருவில் இல்லை, அது உண்மை. ஆனால் இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியில்தான் வருகிறது. நமக்குப் பக்கத்தில் மேட்டூர் அனல் மின் நிலையம் இருக்கிறது, அதன் புகைபோக்கியை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். காற்றாலை, சூரிய மின்சாரம் கூடக் கூடத்தான் இந்தக் காரும் சுத்தமாகும். இதைவிட எனக்கு மனசு கஷ்டமான விஷயம் ஒன்று. சில பேட்டரிகளுக்கு கோபால்ட் என்ற உலோகம் வேண்டும். உலகத்தில் எடுக்கும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் வேலை செய்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோபால்ட் இல்லாமல் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்த்துச் செய்யும் பேட்டரியும் இருக்கிறது, இந்தியாவில் பல கார்களில் அதுதான். எந்த பேட்டரி என்று கேட்டு வாங்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது அப்பாவைச் சாப்பிடவிடாத கார்.

2004-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. பாலைவனத்தில் சுமார் 240 கி.மீ. ஆள் இல்லாமல் வண்டி ஓட வேண்டும். ஒன்றுகூட முடிக்கவில்லை. அதிகம் ஓடியதே சுமார் 12 கி.மீ.தான்! அடுத்த வருடமே ஐந்து வண்டிகள் முடித்துவிட்டன. 2020-இல் பீனிக்ஸ் நகரத்துப் பக்கம் வேமோ என்ற கம்பெனியின் டாக்ஸிகள் டிரைவர் இல்லாமல் பொதுமக்களை ஏற்ற ஆரம்பித்தன. பிறகு சான்பிரான்சிஸ்கோவிலும் வந்தன. அப்பா பார்த்தது அந்த மாதிரி வண்டிதான். அதன் மேலும் பக்கங்களிலும் கேமரா, ரேடார், லேசர் எல்லாம் இருக்கும். வௌவால் ஒலியை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்து வழி கண்டுபிடிப்பது போல, இது லேசர் ஒளியை அனுப்பி எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கிறது.

"நம்ம ரோட்டுல அது ஓடட்டும் பார்க்கலாம்" என்கிறார் அப்பா. அதுவும் சரிதான். நம் ரோட்டில் பாதி இடத்தில் கோடே கிடையாது. அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் சோளம் காயும். எதிரே ஆட்டுக் கூட்டம் வந்தால், ஆட்டைப் பார்க்கக் கூடாது, மேய்ப்பவர் கையைப் பார்க்கணும் என்பார் அப்பா. இது லேசருக்குத் தெரியுமா?

சான்பிரான்சிஸ்கோவில் 2023 அக்டோபரில் நடந்ததைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மனுஷன் ஓட்டிய ஒரு கார் ஒரு பெண் மேல் மோதியது. அவர் குரூஸ் என்ற கம்பெனியின் ஆளில்லாத கார் முன்னால் வந்து விழுந்தார். அது மோதி நின்றது. நின்றதோடு இருந்திருக்கலாம். விபத்து ஆனால் ஓரமாக நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்ததால், அடியில் ஆள் இருப்பது தெரியாமல் ஏறக்குறைய 6 மீட்டர் இழுத்துக்கொண்டு போய் ஓரம் கட்டியது. அந்த மாதமே கலிபோர்னியா அரசு அந்தக் கம்பெனியின் அனுமதியை நிறுத்தியது. 2024 டிசம்பரில் அந்த டாக்ஸித் திட்டத்துக்குப் பணம் போடுவதையே தாய்க் கம்பெனி நிறுத்திவிட்டது.

அப்படியென்றால் ஆளில்லாத கார் கெட்டது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் என்னால் முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

கார்த்திகை மார்கழியில் அப்பா சபரிமலை டிரிப் போவார். சாமிமார்கள் பின்னால் தூங்குவார்கள், அப்பா இரண்டு ராத்திரி தொடர்ந்து ஓட்டுவார். போன வருடம் திரும்பி வந்து, "ஒரு செகண்டு கண்ணு அசந்துட்டுது, லாரி ஆரன்லதான் முழிச்சேன்" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் அன்றைக்குத் தூங்கவில்லை. 2022-இல் மட்டும் இந்தியாவில் ரோடு விபத்தில் 1,68,491 பேர் இறந்திருக்கிறார்கள். மெஷினுக்குத் தூக்கம் வராது. அது குடிக்காது, செல்போன் பேசாது. எனக்கு அந்த மெஷின் வேண்டும். ஆனால் அது அப்பா சீட்டில் உட்காரக் கூடாது. பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படியும் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. தானே ஓடுவதை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 5 என்றால் எந்த ரோட்டிலும் ஆளே வேண்டாம், அப்படி ஒரு கார் இன்னும் எங்கும் இல்லை. 0, 1, 2 என்றால் டிரைவர்தான் ஓட்டுவார், கார் உதவி செய்யும். முன்னால் வண்டி திடீரென்று நின்றால் தானே பிரேக் போடும், கோட்டைத் தாண்டினால் சத்தம் கொடுக்கும். இந்த வசதியுள்ள கார்கள் நம் நாட்டிலேயே விற்கின்றன. டிரைவர்களின் வேலை போய்விடும் என்பதால் ஆளில்லாத காரை இந்தியாவில் விடமாட்டேன் என்று 2023-இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். அதைப் படித்துக் காட்டியதும் அப்பா ஒரு தோசை கூடக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் வீட்டுக்கு வந்தார். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். மஞ்சள் போர்டு வண்டிக்கும் அதே கேரண்டிதானா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொன்னார். அது அவருக்குத் தோன்றவே இல்லையாம். தானே பிரேக் போடும் வசதி வேண்டும் என்று நான் சொன்னதற்கு, அந்த மாடல் விலை இன்னும் கூடும் என்று தலையைச் சொறிந்தார்.

அப்பாவும் ஒன்று கேட்டார். டீசல் போட அஞ்சு நிமிஷம், சார்ஜ் ஏற ஒரு மணி நேரம் ஆகுமே, அந்த நேரத்துக்கு பேட்டா உண்டா என்று. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை.