முன்கவையின் எண்ணெய்க்கசிவும் அதனை நீக்கும் முறையும்

நம் விடுதி முற்றங்களில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களுள் புதியன பலவாயினும், தந்தையார் ஊர்ந்து, பின்னர்த் தமையனார் ஊர்ந்து, இன்று தம்பியின் கைக்கு வந்துள்ள பழைய வண்டிகளும் சில உள. அவ்வண்டிகள் ஓடுகின்றனவா என்று மட்டும் பார்த்து மனநிறைவு கொள்வாரே பலர். ஓடுதல் ஒன்று, நிற்கவேண்டிய இடத்தில் நிற்றல் மற்றொன்று. இவ்விரண்டாவதற்கு இன்றியமையாத உறுப்புகளுள் முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் போர்க்கும் ஒன்றாகும். அதிலிருந்து எண்ணெய் கசிதல் பழைய வண்டிகளுக்கு அடிக்கடி நேரும் பிணி. அப்பிணியின் இயல்பையும், காரணத்தையும், நீக்கும் வழியையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இரண்டாகப் பிரிந்த கிளையையும் கோலையும் 'கவை' என்பது தமிழ் வழக்கு. ஆடு மேய்ப்பார் கையிலுள்ள கவைக்கோலை நாமெல்லாரும் கண்டிருக்கிறோம். பட்டறையில் போர்க்கு என வழங்கும் இவ்வுறுப்பும் அவ்வடிவினதே ஆதலின், இதனை முன்கவை என்றே இக்கட்டுரையில் குறிப்போம்.

பண்டை மோட்டார் சைக்கிள்களில் முன்கவை, சட்டங்களை இணைத்து அவற்றிடையே ஸ்பிரிங் பொருத்திய அமைப்பாக இருந்தது. ஒன்றனுள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் வல்ல குழாய்களுள் எண்ணெயை நிறைத்து, அதனால் அதிர்ச்சியை அடக்கும் முறையை 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தார் தம் ஆர்-12 வண்டியில் வைத்து விற்பனைக்குக் கொணர்ந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப்பின் இம்முறை எங்கும் பரவிற்று. 1955-இல் என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கப்பெற்றபின் திருவொற்றியூரில் உருவான புல்லட்டும், 1985-இல் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்த ஆர்.எக்ஸ்.100, சி.டி.100 முதலியனவும் இவ்வகை முன்கவை உடையனவே.

முன்கவைக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒவ்வொரு காலிலும் குரோமியம் பூசிய உருக்கு உட்குழாய் ஒன்றும், பெரும்பாலும் அலுமினியக் கலவையால் வார்த்த வெளிக்குழாய் ஒன்றும் உள. உட்குழாய் மேலே கைப்பிடியோடு சேர்ந்த பிடிப்பில் இறுகி நிற்கும்; வெளிக்குழாய் கீழே சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். உள்ளே நீண்ட ஸ்பிரிங்கும், சிறு துளைகளையுடைய தண்டு ஒன்றும், குறித்த அளவு எண்ணெயும் இருக்கும். ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குவது. அஃது ஒன்றே இருப்பின், பள்ளத்தில் இறங்கிய வண்டி ஊஞ்சல்போல் பலமுறை ஆடிக்கொண்டே செல்லும். எண்ணெய் அச்சிறு துளைகளின் வழியே நெருங்கிப் புகும்போது உண்டாகும் தடையே அவ்வாட்டத்தை அடக்குகின்றது. அன்றியும், குழாய்கள் ஒன்றோடொன்று தேயாமல் காப்பதும் அவ்வெண்ணெயே.

இவ்வெண்ணெயை உள்ளே நிறுத்துவது வெளிக்குழாயின் வாயில் அமைந்த ஆயில் சீல். அஃது உலோக வளையத்தின்மேல் அமைந்த ரப்பர் வளையம். அதன் மெல்லிய இதழை ஒரு சிறு ஸ்பிரிங் வளையம் உட்குழாயோடு அணைத்து நிற்கும். அதற்குமேல் தூசியைத் தடுக்கும் மூடி ஒன்று உண்டு. இவ்விதழ் கெடின் கசிவு தொடங்கும்.

கசிவை அறிதல் எளிது. உட்குழாயைத் துணியால் நன்கு துடைத்து, முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பத்துமுறை அழுத்துக. குழாயின்மேல் எண்ணெய் வளையமாகப் படிந்து நின்றாலோ, வெளிக்குழாயின்மேல் வழிந்தாலோ அது கசிவே. கண்ணுக்கு அரிதாகத் தோன்றும் மெல்லிய ஈரம் இயல்பானது; அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. பழைய வண்டி வாங்கச் செல்வார் இச்சோதனையைத் தம் கையாலேயே செய்தல் நன்று. விற்பார் துடைத்துக் காட்டிய குழாய் ஒருநாழிகை உலர்ந்தே இருக்கக் கூடும்.

கசிவைப் பொருட்படுத்தாதார் கூறுவது, "வண்டி ஓடுகிறதே" என்பது. அவர் அறியாதன இரண்டு. எண்ணெய் குறையக் குறைய முன்கவையின் அடக்கும் ஆற்றல் குறையும். பிரேக்குப் பிடிக்கும்போது முன்புறம் திடீரெனத் தாழ்ந்து, சக்கரம் சாலையைச் சீராகப் பற்றாது. இஃது ஒன்று. வழியும் எண்ணெய் பிரேக்கை அடைதல் மற்றொன்று. டிஸ்க் பிரேக்காயின் அது விரைவில் தட்டின்மேல் படியும். டிரம் பிரேக்காயினும் நாளடைவில் உட்புகுதல் கூடும். வண்டியை நிறுத்தும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்சக்கரத்தின்மேலேயே சாய்கின்றது. ஆதலால் முன்பிரேக்கு வழுக்குமாயின், எதிரே ஓடிவரும் குழந்தைக்கும் வண்டிக்கும் இடையேயுள்ள சில அடிகளே உயிரின் எல்லையாகிவிடும். சில நூறு ரூபாய்ச் செலவை ஒத்திப்போடுவார் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனிக் காரணங்களைக் காண்போம். ரப்பர் முதுமையால் இறுகி வெடித்தல் ஒன்று. சேறும் மணலும் இதழின்கீழ்ச் சிக்குதல் இரண்டு. உட்குழாயில் துருவால் சிறு குழிகள் விழுதலும் கீறல் படுதலும் மூன்று; உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இது மிகுதி. மோதுதலால் குழாய் வளைதல் நான்கு. எண்ணெயை அளவுக்குமேல் நிறைத்தல் ஐந்து. காரணம் அறியாமல் சீலை மட்டும் மாற்றுவோமாயின், குழியுள்ள குழாய் புதிய இதழையும் விரைவில் அறுத்துவிடும். சேறு மட்டுமே காரணமாயின், தூசிமூடியை உயர்த்தி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இதழின்கீழ்ச் செலுத்தி ஒருமுறை சுற்றி அழுக்கை வெளிக்கொணர்தலே சில வேளைகளில் போதும்.

அவ்வாறு தீராதாயின் கால்களைக் கழற்றவேண்டும். முதலில் எஞ்சினுக்கு அடியில் உறுதியான தாங்கு வைத்து, முன்சக்கரம் நிலத்தைத் தொடாதபடி வண்டியை நிறுத்துக. பாரம் முன்கவைமேல் இருக்கும்போது உச்சிமூடியைக் கழற்றின் ஸ்பிரிங் அதனைத் துள்ளி எறியும். முகத்தை அதற்கு நேரே வைத்தல் ஆகாது. மேற்பிடிப்பின் திருகைச் சிறிது தளர்த்தியபின், கால் வண்டியிலிருக்கும்போதே உச்சிமூடியைச் சற்று இளக்கிக்கொள்க. வெளிக்குழாயின் அடியிலுள்ள அலன் திருகையும் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே இளக்குதல் வேண்டும். இன்றேல் உள்தண்டும் கூடவே சுழன்று திருகு கழலாது. பின்னர்ச் சக்கரம், மட்கார்டு ஆகியவற்றை நீக்கிக் கால்களைக் கீழ்நோக்கி உருவி எடுக்கலாம்.

மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்து, பழைய எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடிக்க. அவ்வெண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாது, கழிவெண்ணெய் திரட்டுவாரிடம் ஒப்படைத்தல் கடன். அடித்திருகை எடுத்தபின் தூசிமூடியையும், சீலைத் தடுத்து நிற்கும் சர்க்ளிப்பையும் நீக்குக. உட்குழாயை உருவி, வெளிக்குழாயின் விளிம்பில் தடித்த துணி வைத்து, அகன்ற திருப்புளியால் பழைய சீலைச் சிறிது சிறிதாக நெம்புக. சீல் அமரும் இடத்தில் கீறல் விழின் புதிய சீலும் பயன்படாது. சில பழைய வண்டிகளில் சீல் திருகுமரையுள்ள கழுத்துவளையத்தினுள் அமைந்திருக்கும். அவற்றுக்கு அவ்வண்டியின் கைந்நூல் கூறும் முறையையே கைக்கொள்க.

உறுப்புகளையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தியபின், உட்குழாயைத் தட்டையான கண்ணாடியின்மேல் உருட்டிப் பார்க்க. இடையில் வெளிச்சம் தோன்றி மறையின் அது வளைந்தது, மாற்றுதலே தக்கது. விரல்நகத்தை மேலும் கீழும் ஓட்டினால் குழிகளும் கீறல்களும் தெரியும். சீல் உராயாத மேற்பகுதியில் உள்ளன தீங்கு செய்யா. உராயும் இடத்துச் சிறு முனைகளை 1000 எண் உப்புத்தாளில் எண்ணெய் தோய்த்து மெல்லத் தேய்த்து மழுக்கலாம். ஆழ்ந்த குழிகளாயின் மீண்டும் குரோமியம் பூசுவித்தலோ புதுக்குழாய் வாங்குதலோ வேண்டும்.

பூட்டுங்கால், உட்குழாயைத் தண்டோடு வெளிக்குழாயினுள் இறக்கி, அடித்திருகைப் புதிய செப்பு வளையம் இட்டு இறுக்குக. புதிய சீலின் இதழில் போர்க்கு எண்ணெய் தடவி, குழாயின் முனையை மெல்லிய பாலிதீன் தாளால் மூடி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்குக. சிறு ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கிக் கீழேயும், எண் பொறித்த பக்கம் மேலேயும் இருத்தல் முறை. அளவொத்த குழாய்த்துண்டொன்றால் சுற்றிலும் ஒப்பத் தட்டி, சர்க்ளிப்புக்குரிய பள்ளம் முழுதும் தோன்றும்வரை இறக்குக. ஒரு காலே கசியினும் இரண்டிற்கும் புதிய சீலே இடுதல் நன்று; ஒரே வயதின மற்றதும் நெடுநாள் நில்லாது.

எண்ணெயின் தடிப்பும் அளவும் அவ்வண்டியின் கைந்நூலில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். கையில் கிடைத்த எஞ்சின் எண்ணெயை ஊற்றுதல் தகாது. ஊற்றியபின் குழாயைப் பத்துமுறை மெல்ல இழுத்து அழுத்தின் உள்ளே தங்கிய காற்று நீங்கும். கைந்நூல் மட்டத்தைக் குறித்திருப்பின், அது சொல்லும் நிலையில் குழாயை வைத்து, உச்சியிலிருந்து எண்ணெய் மட்டம்வரை அளந்து இரு கால்களும் ஒத்திருக்கக் காண்க. ஒரு கால் மிக்கும் ஒரு கால் குறைந்தும் இருப்பின் வண்டி ஒருதலைச் சார்பாக ஆடும்.

சக்கரத்தைப் பூட்டும்போது, டிரம் பிரேக்கின் தகட்டிலுள்ள பள்ளம் வெளிக்குழாயின் முனைப்போடு பொருந்தியதா என்று இருமுறை பார்க்க. அது பொருந்தாவிடின் பிரேக்குப் பிடித்த அளவிலே தகடு சுழன்று சக்கரம் இறுகிவிடும். அச்சாணியின் கீழ்ப்பிடிப்பை இறுக்குமுன் முன்கவையைப் பலமுறை அழுத்தி விடுக. இரு கால்களும் தாமே நேராக அமையும். எண்ணெய் தோய்ந்த பிரேக்குக் கட்டைகளைக் கழுவி மீண்டும் பூட்டல் ஆகாது; புதியனவே இடுக. பின்பு, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்த பின்னரே பிறரைப் பின்னால் ஏற்றுக.

இவ்வேலையை முதன்முறை செய்வார், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை உடன்வைத்துக்கொண்டு செய்தல் அறிவுடைமை. ஏட்டில் கற்கும் நாம், கரியேறிய கையோடு பட்டறையில் நிற்கும் அவரிடம் மாணாக்கராய் நின்று கற்பதில் குறைவொன்றும் இல்லை. எண்ணெய் எவ்வளவு சென்றது, சீல் எவ்வாறு அமர்ந்தது என்பவற்றைத் தானே கண்டறிந்தவன், தன் வண்டியின் வேகத்தையும் அளவறிந்தே செலுத்துவான். அந்த அறிவு வண்டிக்குச் செய்யும் நன்மையினும், அவ்வண்டியின் முன்னே சாலையைக் கடக்கும் முன்பின் அறியாதவர்க்குச் செய்யும் நன்மையே பெரிது.