கம்ப்யூட்டர் மாற்றும் முன் மெயில் இருப்பு எடுங்கள்!

குடோன் மாற்றும் வியாபாரி எவரும் சரக்கை எண்ணாமல் லாரியில் ஏற்றுவதில்லை. மூட்டை எத்தனை, பெட்டி எத்தனை என்று சிட்டை போடுகிறோம். புது இடத்தில் இறக்கியதும் அதே சிட்டையை வைத்துச் சரிபார்க்கிறோம். அதன் பிறகுதான் பழைய குடோன் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் கடைக் கம்ப்யூட்டரை மாற்றும்போது மட்டும் இந்த நல்ல வழக்கத்தை நாம் மறந்து விடுகிறோம். கணக்கு சாஃப்ட்வேரை மட்டும் புதியதில் ஏற்றிக்கொண்டு, பழைய பெட்டியை அப்படியே எக்ஸ்சேஞ்சில் கொடுத்து விடுகிறோம். அதற்குள் இருந்த பல வருட மெயில்களும் அதோடு போய்விடுகின்றன.

இந்த விஷயத்தை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதனால் நம்மில் பலர் கம்ப்யூட்டர் மாற்றும் நிலையில் இருக்கிறோம். கடைகளில் பரவலாக இருந்த விண்டோஸ் லைவ் மெயிலுக்கு 2017 ஜனவரி 10லேயே ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10உடன் வந்த மெயில் செயலியும் 2024 டிசம்பர் 31உடன் ஆதரவை இழந்தது. புதிய பெட்டியில் பழைய மெயில் புரோகிராம் வராது. வேறொன்றுக்கு மாறியே ஆக வேண்டும்.

பழைய மெயில் எதற்கு?

விலை ஒப்புக்கொண்ட கடிதம், மில்லிலிருந்து வந்த பில், லாரி ரசீது நகல், சரக்கில் குறை என்று நாம் எழுதியதும் அதற்கு வந்த பதிலும் இன்று மெயிலில்தான் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு வருடத்தின் கணக்கு ஆவணங்களை அந்த வருடத்திய ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். மெயிலில் வந்த பில்லும் இதில் அடங்கும். வழக்கு என்று வந்தாலோ, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, உரிய சான்றிதழுடன் மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கலாம். அப்போது வெறும் பிரிண்ட் காகிதத்தை விட மூல மெயிலுக்கே மதிப்பு அதிகம். எந்த நேரத்தில், எந்த சர்வர் வழியாக வந்தது என்ற விவரம் அதன் தலைப்பகுதியில்தான் இருக்கிறது.

சரக்கு எந்தக் குடோனில்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மெயில் கணக்கை அமைக்க இரண்டு முறைகள் உண்டு. ஐமேப் முறையில் மெயில்கள் சர்வரிலேயே இருக்கும்; நம் கம்ப்யூட்டர் அதைப் பார்க்கும் ஜன்னல் மாதிரி. புதிய கம்ப்யூட்டரில் அதே கணக்கைத் திறந்தால் எல்லாம் தானாக வந்துவிடும். பாப் முறையில் அப்படியல்ல. மெயிலை இறக்கிக்கொண்ட பின் சர்வரிலிருந்து அழித்துவிடும் ஏற்பாடு அதில் உண்டு. சிலவற்றில் 14 நாள் கெடு வைத்து அழிக்கும். அதன் பிறகு அந்த மெயில் இருப்பது நம் ஹார்டு டிஸ்க்கில் மட்டுமே.

கணக்கின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து எந்த முறை என்று பாருங்கள். போர்ட் எண் 110 அல்லது 995 என்றிருந்தால் பாப்; 143 அல்லது 993 என்றிருந்தால் ஐமேப். ஐமேப் கணக்காக இருந்தாலும், "லோக்கல் ஃபோல்டர்" என்ற தலைப்பின் கீழ் நாம் நகர்த்தி வைத்த மெயில்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கோளாறு இருந்தால் முதலில் நகல்

மெயில் வரவில்லை, ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் உடனே புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். மெயில் ஃபைல்களை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகே எந்த வைத்தியமும் செய்ய வேண்டும். அடிக்கடி வரும் கோளாறுகள் இவை:

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? பாஸ்வேர்டை மட்டும் கொண்டு உள்ளே நுழையும் பழைய முறையை ஜிமெயில் 2022 மே 30 முதலும், அவுட்லுக்.காம் 2024 செப்டம்பர் 16 முதலும் நிறுத்தத் தொடங்கின. பழைய புரோகிராமுக்குப் புதிய முறை தெரியாது. ஜிமெயிலில் இரண்டடுக்குப் பாதுகாப்பை ஏற்படுத்திக்கொண்டு, "ஆப் பாஸ்வேர்டு" என்ற தனிச் சாவி வாங்கிப் பயன்படுத்தலாம்.

மெயில் வருகிறது, போகவில்லையா? அனுப்பும் சர்வரின் போர்ட் 25 என்றிருந்தால் 587 அல்லது 465 என்று மாற்றிப் பாருங்கள். பல இன்டர்நெட் நிறுவனங்கள் 25ஐ அடைத்து வைத்திருக்கின்றன. அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்டு தேவை என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும்.

பாதுகாப்புச் சான்று தவறு என்று எச்சரிக்கை வருகிறதா? கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது சர்வரின் சான்று பொருந்தாது.

ஃபோல்டர் திறக்கவில்லை, பழைய மெயில் காணவில்லையா? அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு ஃபோல்டர் 2 ஜி.பி.யைத் தொட்டால் கெட்டுவிடும். அவுட்லுக் 2002 வரை மொத்த பி.எஸ்.டி. ஃபைலுக்கே அந்த 2 ஜி.பி. வரம்பு இருந்தது. அவுட்லுக்குடன் வரும் "ஸ்கேன்பிஎஸ்டி" என்ற கருவி பல சமயம் சரிசெய்து கொடுக்கும். தண்டர்பேர்டில் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் "ரிப்பேர் ஃபோல்டர்" என்றிருக்கும். அது பட்டியலைப் புதிதாக எழுதும். ஆன்டிவைரஸ் புரோகிராம் ஒரே ஒரு கெட்ட மெயிலுக்காக முழு இன்பாக்ஸ் ஃபைலையும் தூக்கி வைத்திருக்கவும் கூடும். அதன் குவாரன்டைன் பட்டியலையும் பாருங்கள்.

எடுத்துச் செல்லும் வழிகள்

2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வெளியான மோசில்லா தண்டர்பேர்ட் இலவசமானது. ஜிமெயிலின் புதிய நுழைவு முறையும் அதற்குத் தெரியும். அதையே உதாரணமாகக் கொள்வோம்.

முதல் வழி, சர்வர் வழியாக. பழைய புரோகிராமிலேயே ஐமேப் முறையில் ஒரு கணக்கைத் திறந்து, பழைய ஃபோல்டர்களிலிருந்து மெயில்களை அதற்குள் நகல் எடுக்க வேண்டும். நகர்த்தக் கூடாது, நகல்தான் எடுக்க வேண்டும். நடுவில் இன்டர்நெட் அறுந்தால் மூலம் பத்திரமாக இருக்கும். மெயில் எல்லாம் மேலே போன பிறகு புதிய கம்ப்யூட்டரில் அதே கணக்கைத் திறந்தால் போதும். ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜி.பி. மட்டுமே, அதிலும் போட்டோக்களும் டிரைவும் பங்கு போடும் என்பதைக் கணக்கில் கொள்க.

இரண்டாவது வழி, ஃபைல் வழியாக. விண்டோஸ் லைவ் மெயில் ஒவ்வொரு மெயிலையும் தனித்தனி இ.எம்.எல். ஃபைலாக வைத்திருக்கும். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, தண்டர்பேர்டில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அந்த ஃபைல்களை மவுஸால் இழுத்து அதில் போடலாம். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் அதே கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டை ஏற்றி, டூல்ஸ் மெனுவில் உள்ள இம்போர்ட் மூலம் இழுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே தண்டர்பேர்ட் உபயோகிப்பவர்களுக்கு வேலை சுலபம். புரோகிராமை மூடிவிட்டு "ப்ரொஃபைல்" ஃபோல்டரை முழுமையாக நகல் எடுத்தால் மெயில், விலாசம், செட்டிங்ஸ் எல்லாம் அதில் அடக்கம். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் அதோடு போகும். ஆகவே அந்தப் பென் டிரைவைக் கல்லாப்பெட்டிச் சாவிபோல் காக்க வேண்டும்.

தமிழில் எழுதிய மெயில்கள்

யூனிகோடு பரவும் முன் டாம், டாப், டிஸ்கி போன்ற எழுத்துரு முறைகளில் எழுதிய கடிதங்கள் சிலரிடம் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவை குழப்பமான குறிகளாகத் தெரியும். மெயில் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகல் எடுத்து வைத்தால் பிறகு படிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றியும் கொள்ளலாம்.

சிட்டை போட்டுச் சரிபாருங்கள்

மாற்றும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்பாக்ஸில் எத்தனை, அனுப்பியதில் எத்தனை, ஒவ்வொரு பார்ட்டியின் ஃபோல்டரிலும் எத்தனை. மாற்றிய பின் எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். எண்ணிக்கை சரியானாலும் அதோடு நிறுத்தாமல், வருடத்திற்கு நான்கைந்து மெயில்களைத் திறந்து, கூடவே வந்த பில்லும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுப்பிய மெயில்களைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று எதிர்த்தரப்பு கூறும்போது நமக்குக் கைகொடுப்பது நாம் அனுப்பிய மெயிலும் அதன் பதிலும் சேர்ந்த ஜோடிதான். விலாசப் பட்டியலையும் தனியாகச் சரிபார்க்கவும்.

எல்லாம் ஒத்துவந்தாலும் பழைய பெட்டியை ஒரு ஜி.எஸ்.டி. மாதக் கணக்கு முடியும் வரையாவது வைத்திருங்கள். விடுபட்டது எது என்று வேலை நடக்கும்போதுதான் தெரியும். நகல் எடுத்த வெளி டிஸ்க்கின் மேல் தேதி எழுதி, பேரேடுகள் இருக்கும் பீரோவில் வையுங்கள். அதன் பிறகு பழைய ஹார்டு டிஸ்க்கை முழுமையாக அழித்துவிட்டோ, கழற்றி எடுத்துக்கொண்டோதான் பெட்டியை விற்க வேண்டும். இல்லையேல் நம் கொள்முதல் விலை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

மொத்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. புதுப் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.