குனிந்த முதுகு நிமிருமா? சேற்றில் 18 கிலோ மீட்டர் நடக்கும் களை வண்டி!

ஒரு ஏக்கர் நெல் வயலில், கருவியைத் தள்ளி ஒரு தடவை களை எடுக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் தெரியுமா? 18 கிலோ மீட்டர்! அதுவும் சேற்றில்!

அந்தக் கருவி சரியாக அமைந்தால், காலம் காலமாகக் குனிந்தே களை பறித்த பெண்களின் முதுகு நிமிரும். அமையாவிட்டால், மாட்டுக் கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நடைவண்டி மாதிரி

கருவியின் பெயர் "கோனோ வீடர்". பார்த்தால் குழந்தை பழகும் நடைவண்டி மாதிரி இருக்கும். நீளமான கைப்பிடி. கீழே கூம்பு வடிவத்தில் 2 இரும்பு உருளைகள், எதிரும் புதிருமாக. உருளையைச் சுற்றி, பல் வைத்த தகடுகள். சேற்றில் புதையாமல் இருக்க முன்னால் ஒரு மிதவைத் தகடு.

தள்ளிக்கொண்டு போனால் ஒரு உருளை சேற்றை ஒரு பக்கம் புரட்டும். அடுத்த உருளை மறுபக்கம் புரட்டும். நடுவில் மாட்டிய களை வேரோடு வந்து சேற்றுக்குள் அமுங்கிவிடும். அங்கேயே அழுகி, பயிருக்கு உரமாகும்.

ஜப்பானில் பிறந்தது

உருட்டிக் களை எடுக்கும் யோசனை புதிது அல்ல. ஜப்பானில் தொட்டோரி பகுதியைச் சேர்ந்த நாகாய் தாய்ச்சிரோ என்பவர் 1892-ம் ஆண்டிலேயே இப்படி ஒரு வண்டி செய்தார். 1950-களில் ஜப்பானிய முறை நெல் சாகுபடி இங்கே பரவியபோது, அந்த வகைக் கருவியும் கூடவே வந்தது.

ஆனால் அதை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். ஆழமான சேற்றில் புதைந்துகொள்ளும். இந்தத் தொல்லையைத் தீர்க்க, பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980-களில் கூம்பு உருளைக் கருவியை உருவாக்கியது. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு ஒற்றை நாற்று நடவு தமிழ்நாட்டில் பரவியதும், இதற்கு மவுசு வந்தது.

கயிறு பிடிக்கணும்

"கருவியை வாங்கிட்டா வேலை முடிஞ்சுதா?" என்று கேட்கலாம். அதுதான் இல்லை!

வரிசை நேராக இருந்தால்தான் கருவி ஓடும். 14 நாள் இளம் நாற்றை, கயிறு பிடித்து, 22.5 சென்டி மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். கண்டபடி நட்டால் கருவி பயிரையே மிதிக்கும்.

இப்படி நட்ட ஒரு ஏக்கரில், வரிசைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து அளந்தால்தான் அந்த 18 கிலோ மீட்டர் வரும். குறுக்கிலும் ஓட்டினால் 36 கிலோ மீட்டர்! நட்ட 10-ம் நாள் தொடங்கி, 10 நாளுக்கு ஒரு தடவை, 40 நாள் வரை ஓட்ட வேண்டும். வயலில் மெலிசாகத் தண்ணீர் நிற்க வேண்டும். குத்தை ஒட்டி நிற்கும் களையைக் கையால்தான் பறிக்க வேண்டும்.

280 தடவை தூக்கு!

இதில் மோட்டார் இல்லை, டீசல் செலவும் இல்லை. தகடு, பைப்பு, கம்பி, நட்டு, போல்ட்டுதான். ஜன்னல் கம்பி அடிக்கும் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். விலை குறைவதற்கும் அதுவே காரணம்.

பட்டறைக்காரர் கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம்.

ஒன்று, எடை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் கருவியைச் சேற்றிலிருந்து தூக்கித் திருப்ப வேண்டும். சதுரமான ஒரு ஏக்கரில் இப்படி 280 தடவைக்கு மேல் தூக்க வேண்டி வரும். கருவியில் ஒரு கிலோ குறைத்தால், தூக்குகிறவருக்கு 280 கிலோ சுமை மிச்சம்!

இரண்டு, கைப்பிடியின் உயரம். உயரமான ஆணுக்கு அளவெடுத்துச் செய்ததை, குட்டையான பெண் நெஞ்சு மட்டத்தில் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும். தோள் பட்டை கழன்றுவிடும். பைப்பில் கூடுதலாக 2, 3 துளை போட்டு, போல்ட்டைக் கழற்றி மாட்டும்படி செய்தால் போதும். அவரவர் உயரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கூலி யாருக்கு?

இது வெறும் சவுகரியம் பற்றிய பேச்சு அல்ல. களை எடுப்பது நம்மூரில் பெண்கள் வேலை. கருவி வந்ததும் பல ஊர்களில் அது ஆண்கள் கைக்குப் போய்விட்டது. "இந்தக் கனத்தைப் பொம்பளைங்க தள்ள முடியாது" என்பதே அதற்குச் சொல்லும் காரணம். பெண்களின் முதுகு தப்பியது. கூடவே கூலியும் போய்விட்டது!

விவசாயிக்கு ஆள் பஞ்சம் தீர வேண்டும். பெண்ணுக்கு முதுகும் நிமிரணும், கூலியும் கைக்கு வரணும். ஒரு கிலோ குறைந்த இரும்பும், பைப்பில் இரண்டு துளையும் இருந்தால் கருவி அவள் கையிலேயே நிற்கும்.