அரிய புற்றுநோய்: ஆய்வைத் தொடங்கி வைத்த நோயாளிகள்

அறுவை சிகிச்சையில் எடுக்கப்படும் கட்டி பிறகு எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? குப்பைக்குத்தான் போகும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதிலிருந்து சில துண்டுகளை வெட்டி, ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்துச் சிறு வில்லைகளாக்குகிறார்கள். அந்த வில்லையிலிருந்து மிக மெல்லிய சீவல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே இது புற்றுநோயா, எந்த வகை என்று மருத்துவர் உங்களிடம் சொல்கிறார். மிஞ்சிய வில்லையில் ஓர் எண்ணை ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பல ஆண்டுகள் அது அங்கேயே இருக்கும்.

மார்பகம், குடல், நுரையீரல் போன்ற பரவலான புற்றுநோய்களுக்கு இதனால் பெரிய சிக்கல் இல்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் அலமாரியிலேயே ஆயிரக்கணக்கான வில்லைகள் கிடைக்கும். அரிய புற்றுநோய்களின் கதை வேறு. நாடு முழுவதும் ஆண்டுக்குச் சில நூறு பேருக்கு மட்டுமே வரும் நோயென்றால், ஒரு மருத்துவமனையில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு என்று வில்லைகள் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒன்றுசேர்க்க எந்தப் பேராசிரியருக்கும் நேரமோ பணமோ இருப்பதில்லை.

அப்படிப்பட்ட ஒரு நோய்தான் ஆஞ்சியோசார்கோமா. பெயரை வாய்க்குள் நுழைப்பதே சிரமம். இரத்த நாளங்கள், நிணநீர் நாளங்கள் ஆகியவற்றின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களில் தொடங்கும் புற்றுநோய் இது. முதியவர்களின் உச்சந்தலையில் கன்றிப்போன காயம்போலத் தோன்றலாம். மார்பகத்தில் வரலாம், கல்லீரலிலும் இதயத்திலும்கூட வரலாம். வேகமாகப் பரவும். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 பேருக்குத்தான் வருகிறது.

2010இல் அந்த 300 பேரில் ஒருவரானார் கோரி பெயின்டர். அவருக்கு மார்பகத்தில் வந்தது. அவரே உயிர்வேதியியல் ஆய்வாளர் என்பதால், தன் நோயைப் பற்றி அறிவியல் உலகம் எவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருக்கிறது என்பது அவருக்கு உடனே புரிந்தது. அதே நோயுள்ளவர்களைத் தேடி ஃபேஸ்புக்குக்குப் போனார். எந்த மருத்துவமனையிலும் சேர்ந்து உட்கார வாய்ப்பில்லாத நோயாளிகள் அந்தத் திரையில் ஒன்றுகூடினார்கள். எந்த மருந்து யாருக்கு வேலை செய்தது, யாருக்குச் செய்யவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆய்வுலகிடம் இல்லாத ஒரு தகவல் களஞ்சியம் அந்தக் குழுவிடம் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து பெயின்டர் பாஸ்டன் வட்டாரத்தில் உள்ள பிராட் ஆய்வுக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே புற்றுநோய் மருத்துவர் நிகில் வாக்லே தலைமையில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களை இணையம்வழி நேரடியாக ஆய்வில் சேர்க்கும் முயற்சி 2015இல் தொடங்கியிருந்தது. அதே வழி ஓர் அரிய நோய்க்கும் பொருந்துமா? 2017இல் ஆஞ்சியோசார்கோமா திட்டம் பிறந்தது.

தபாலில் போன உமிழ்நீர்

திட்டம் நடந்த விதம் எளிமையானது. அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ள நோயாளி இணையத்தில் பதிவுசெய்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி, ஒப்புதல் தருவார். வீட்டுக்கு ஒரு சிறு பொட்டலம் வரும். அதிலுள்ள குழாயில் உமிழ்நீரைச் சேர்த்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி அவருடைய மருத்துவப் பதிவுகளைப் பெறுவதும், அலமாரியில் இருக்கும் மெழுகு வில்லையில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குவதும் ஆய்வுக்குழுவின் பொறுப்பு. நோயாளி எந்த ஊரில் இருந்தாலும் சரி, பயணம் செய்ய வேண்டியதில்லை.

கேள்விகளை எப்படிக் கேட்பது, ஒப்புதல் படிவத்தில் எந்தச் சொல் பயமுறுத்துகிறது என்பதையெல்லாம் நோயாளிகளோடு பேசி வடிவமைத்தார்கள். கிடைத்த மரபணுத் தகவல்களைப் பெயர் நீக்கி, ஆய்வுக்கட்டுரை வெளிவரும்வரை பூட்டிவைக்காமல், உலகின் எந்த ஆய்வாளரும் பார்க்கும்படி அவ்வப்போது வெளியிட்டார்கள். காத்திருக்க நேரமில்லாதவர்கள் சேர்ந்து உருவாக்கிய திட்டத்தில் இது இயல்பாகவே நேர்ந்தது.

18 மாதங்களில் 338 பேர் பதிவுசெய்தார்கள். ஆண்டுக்கு 300 பேருக்கு மட்டுமே வரும் நோய் என்பதை நினைவில் வைத்து இந்த எண்ணைப் பாருங்கள். 2020இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்த கட்டுரைக்காக 36 பேரின் 47 கட்டி மாதிரிகளில் மரபணுக்களைப் படித்திருந்தார்கள்.

அதில் இரண்டு செய்திகள் கிடைத்தன. முதலாவது, மார்பகத்தில் தானாகத் தோன்றும் ஆஞ்சியோசார்கோமாவில் 'பிஐகே3சிஏ' என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி காணப்பட்டது. பரவலான மார்பகப் புற்றுநோயிலும் இதே மரபணு மாறுவதுண்டு. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் அல்பெலிசிப் என்ற மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. ஆக, இந்த நோயிலும் சோதித்துப் பார்க்க ஒரு மருந்து ஏற்கெனவே கைவசம் இருந்தது.

இரண்டாவது செய்திதான் எல்லாரையும் வியக்கவைத்தது. தலை, கழுத்து, முகம், உச்சந்தலை ஆகிய இடங்களில் வந்த கட்டிகளில் மரபணு மாற்றங்கள் மிக அதிகமாக இருந்தன. அவற்றில் ஒரு குறிப்பிட்ட தடமும் தெரிந்தது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைத் தாக்கும்போது அருகருகே உள்ள இரண்டு 'எழுத்துகள்' ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உயிரணு அதைச் சரியாகப் பழுதுபார்க்காவிட்டால் சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்துவிடும். இந்த வகைப் பிழை குவிந்து கிடந்தால், அது வெயிலின் கைரேகை. தோலில் வரும் மெலனோமாவில் பார்த்துப் பழகிய அந்தக் கைரேகை, இரத்த நாளத்தில் தோன்றிய புற்றுநோயிலும் இருந்தது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன்? மாற்றங்கள் அதிகமான கட்டி, உடலுக்குப் பழக்கமில்லாத விநோதமான புரதங்களை அதிகம் செய்யும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை அந்நியம் என்று கண்டுகொள்ள வாய்ப்பு கூடும். ஆனால் அந்த அணுக்களில் பிடி-1 என்ற ஒரு 'பிரேக்' உண்டு. அதைப் பயன்படுத்திக் கட்டி தப்பித்துக்கொள்கிறது. பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் மெலனோமாவில் நன்கு வேலை செய்வது முன்பே தெரியும். அப்படியானால் உச்சந்தலை ஆஞ்சியோசார்கோமாவிலும் வேலை செய்யுமா?

விடையின் ஒரு நுனி அவர்கள் கையிலேயே இருந்தது. நோயாளிகள் பகிர்ந்த மருத்துவப் பதிவுகளைப் புரட்டியபோது, இந்த வகை நோயுள்ள இருவருக்கு அவர்களுடைய மருத்துவர்கள் அந்த மருந்தை ஏற்கெனவே கொடுத்திருந்தது தெரியவந்தது. மற்ற சிகிச்சைகள் பலிக்காத அந்த இருவருக்கும் அசாதாரணமான பலன் கிடைத்திருந்தது. தனித்தனி மருத்துவமனைக் கோப்புகளில் கிடந்தவரை இரண்டுமே 'அதிர்ஷ்டம்' என்று மறக்கப்பட்டிருக்கும்.

அதே 2020இல் சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் ஆஞ்சியோசார்கோமா கட்டிகளைப் படித்து வெளியிட்ட கட்டுரையிலும், தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகளில் ஒரு பிரிவில் இதே புற ஊதாத் தடம் பதிவாகியிருக்கிறது. ஆசிய நோயாளிகளிடமும் அது தெரிந்தது என்பது முக்கியமான உறுதிப்படுத்தல்.

இரண்டு பேர் குணமானார்கள் என்பது சான்றாகாது. முறையான மருந்துச் சோதனை தேவை. 2021இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்கச் சோதனையில் ஆஞ்சியோசார்கோமா உள்ள 16 பேருக்கு இரண்டு எதிர்ப்புச்சக்தி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மொத்தத்தில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. உச்சந்தலை அல்லது முகத்தோலில் வந்த 5 பேரை மட்டும் எடுத்தால், 3 பேருக்குச் சுருங்கியது. எண்கள் சிறியவை, ஆனால் சுட்டும் திசை ஒன்றே.

கேட்டது கிடைத்தபோது

இந்தக் கட்டத்தில் நோயாளிகள் சொல்வதையெல்லாம் ஆய்வுலகம் அப்படியே கேட்டால் போதும் என்று தோன்றலாம். அதற்கு மாறான ஒரு கசப்பான அனுபவமும் உண்டு.

1990களில் அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு மிக அதிக அளவில் கீமோ மருந்து கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜையைப் பிறகு மாற்று சிகிச்சையால் மீட்கும் முறை பரவியது. மருந்தை அள்ளிக் கொடுத்தால் நோய் ஒழியும் என்ற நம்பிக்கை நோயாளிகளிடம் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் இருந்தது. செலவை ஏற்க மறுத்த ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராக 1993இல் நடுவர் குழு 89 மில்லியன் டாலர் தீர்ப்பளித்தது. அதன்பிறகு நிறுவனங்கள் பணியத் தொடங்கின. பல்லாயிரம் பெண்கள் அந்தக் கடுமையான சிகிச்சையை ஏற்றார்கள்.

இதில் மறைந்திருந்த சிக்கல் இதுதான்: சோதனையில் சேர்ந்தால் வழக்கமான சிகிச்சை கிடைக்கும் பிரிவில் விழுந்துவிடலாம், வெளியே போனால் புதிய சிகிச்சை நிச்சயம். எனவே சோதனைகளில் சேர ஆளில்லை, முடிவு தெரிய ஆண்டுகள் ஓடின. 1999இல் ஐந்து சோதனைகளின் முடிவுகள் வந்தன. நான்கில் கூடுதல் பலன் இல்லை. பலன் உண்டு என்ற ஐந்தாவது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. மறு ஆண்டு தணிக்கையில் அது பொய்த் தரவு என்று அம்பலமானது.

இந்தக் காலத்தில்தான் வேறொரு வகை நோயாளர் இயக்கமும் வளர்ந்தது. 1991இல் அமைந்த தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டணி, அடுத்த ஆண்டே ஆராய்ச்சிக்கு 210 மில்லியன் டாலரை, ஆச்சரியப்படாதீர்கள், அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் வரவுசெலவிலிருந்து பெற்றுத் தந்தது. அந்தப் பணத்தை எந்த ஆய்வுக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுக்களில் நோயிலிருந்து மீண்டவர்கள் விஞ்ஞானிகளுக்கு இணையான வாக்குரிமையோடு உட்கார்ந்தார்கள். அதற்காக அவர்களுக்கு உயிரணு உயிரியலும் புள்ளியியலும் கற்பிக்கும் வகுப்புகளைக் கூட்டணி 1995இல் தொடங்கியது. எனக்கு இந்த இயக்கத்தில் மிகப் பிடித்தது பணத்தைவிட அந்த வகுப்புகள்தான். மருந்து வேண்டும் என்று கேட்பதற்கும், அந்த மருந்து வேலை செய்கிறதா என்று காட்டுங்கள் என்று கேட்பதற்கும் இடையிலான தூரத்தை அவை குறைத்தன.

நம் பெண்கள் எங்கே?

ஃபேஸ்புக்கில் ஆள் சேர்த்தால் ஃபேஸ்புக்கில் இருப்பவர்கள்தான் சேர்வார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலம் படிப்பவர்கள்தான் பதில் சொல்வார்கள். ஆய்வில் யார் இல்லையோ அவர்களைப் பற்றி அறிவியலுக்கு ஒன்றும் தெரியாது. இது நம் வீட்டு வாசலுக்கே வரும் செய்தி.

மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பை, மரபணுக்களில் உள்ள பல சிறு வேறுபாடுகளைக் கூட்டிக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. அது ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவில் உருவானது. ஆசியப் பெண்களுக்குப் பொருந்துமா என்பதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. மலேசியப் புற்றுநோய் ஆய்வு அறநிறுவனமான 'கேன்சர் ரிசர்ச் மலேசியா'வின் ஆய்வாளர்களும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் அதில் பங்குகொண்டார்கள். 45,000க்கும் மேற்பட்ட ஆசியப் பெண்களின் தரவில் அந்தக் கணக்கு ஏறக்குறைய அதே அளவு பொருந்தியது. நல்ல செய்தி. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட பிரிவில் இருந்த 10,255 பேரும் சீனப் பெண்கள். மொத்தத்திலும் இந்தியப் பெண்களின் பங்கு சிறியதே.

அந்தச் சிறிய பங்கும் தானாக வந்துவிடவில்லை. 2002இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கி 2012இல் சுபாங் ஜெயா மருத்துவ மையத்துக்கும் விரிந்த மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபியல் ஆய்வில், மலாய், சீன, இந்தியப் பெண்கள் இரத்தமும் குடும்ப வரலாறும் கொடுத்திருக்கிறார்கள். 560 மலேசியக் கட்டிகளைப் படித்து 2020இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்கத்தியத் தரவோடு ஒப்பிட்டால் 'ஹெர்2' வகையும், 'டிபி53' மரபணு மாற்றமும், எதிர்ப்பு அணுக்களின் நடமாட்டமும் இங்கே கூடுதல் என்று தெரிந்தது. எந்த மருந்தை இங்கே முதலில் சோதிக்க வேண்டும் என்பதை இத்தகைய வேறுபாடுகள் மாற்றக்கூடும்.

நம்மவர்கள் தயங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. "என் இரத்தத்தை எடுத்து என்ன செய்வார்கள்?" என்ற பாட்டியின் கேள்வி அறியாமை அல்ல, சரியான முதல் கேள்வி. நாளை உங்களிடமோ உங்கள் அம்மாவிடமோ ஒப்புதல் படிவம் நீட்டப்பட்டால், கையெழுத்துக்கு முன் அதைக் கேளுங்கள். மாதிரி எங்கே, எத்தனை ஆண்டு இருக்கும்? வெளிநாட்டுக்குப் போகுமா? குடும்பத்தைப் பாதிக்கும் ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா? என் சிகிச்சைக்குப் பிறகு தேவைப்பட்டால் வில்லையில் மிச்சம் இருக்குமா? மனம் மாறினால் விலகலாமா? கடைசிக் கேள்விக்கு சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் 'விலகலாம்' என்று பதில் தருகிறது. காப்பீட்டைப் பற்றிய அச்சத்துக்கும் அங்கே ஓரளவு பதில் உண்டு. ஆராய்ச்சிக்காக மட்டும் செய்யப்பட்ட மரபணுப் பரிசோதனையின் முடிவைக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று 2021இல் ஏற்பாடு வந்தது. மலேசிய வாசகர்கள் இதையும் மற்ற கேள்விகளோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

படிவம் புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளோடு படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆய்வாளரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் அந்தப் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்.